நோட்டீஸின் கடைசி வரி

கம்பம் பள்ளத்தாக்கு கபடி அணிகளின் பயிற்சியாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும்,

கூடலூரிலிருந்து எழுதுகிறேன். லோயர்கேம்ப் தொடங்கி சின்னமனூர் வரை மின்னொளி கபடி எங்கே நடந்தாலும் விசிலோடு நிற்கிற ஆட்களில் நானும் ஒருவன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். மீதிப் பேர் என்னைத் திட்டியிருப்பீர்கள், முகத்தைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நம் ஊரில் போட்டி நோட்டீஸ் எப்படி அடிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சாமி, அதன் கீழே தலைவர்கள், நடுவில் பரிசுத் தொகை, சுற்றிலும் கோப்பை கொடுப்பவர்கள், ஒலி ஒளி உபயம், குடிநீர் உபயம். எல்லாம் போட்டு இடம் தீர்ந்தபிறகு அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி வரும்: நடுவர் தீர்ப்பே இறுதியானது. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வரியை நம்பி நான் களத்தில் இறங்கியதே இல்லை. அச்சடித்துவிட்டால் இறுதியாகிவிடுமா? ஒவ்வொரு ராத்திரியும், ஒவ்வொரு ரெய்டுக்கும், அதை உங்களிடம் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆட்டம் தொடங்கும்போது எல்லாருக்கும் நான் ‘சார்’. மூன்று நான்கு புள்ளி பின்னால் போனதும் ‘அண்ணே’ ஆகிவிடுவேன். ஆல் அவுட் விழுந்தால், “என்னண்ணே, நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?” இரண்டாம் பாதியில் கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது இல்லாத சொந்தமெல்லாம் முளைக்கும். மாமா என்பீர்கள், மச்சான் என்பீர்கள். ஒருமுறை என்னைவிட மூத்த ஒருவர் ‘பெரியப்பா’ என்றார். அதற்கப்புறம் வருவது ‘யோவ்’. என் சட்டைப்பையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டை இருக்கிறது. பச்சை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் 2 நிமிஷம் வெளியே, சிவப்பு என்றால் அந்த ஆட்டமே முடிந்தது. ஆனால் சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க எனக்கு அட்டை வேண்டாம், நீங்கள் கூப்பிடுகிற முறையே போதும்.

‘அண்ணே’ காதில் விழுந்ததும் நான் உங்கள் பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முறைக்க வருகிறேன் என்று சிலர் நினைக்கிறீர்கள். தூரத்தில் நிற்பவனிடம் கத்தித்தான் பேச முடியும், பக்கத்தில் நிற்பவனிடம் கத்த யாருக்கும் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். முகத்துக்கு நேரே நிற்க மாட்டேன், தோளுக்குப் பக்கத்தில், இருவரும் ஒரே திசையில் களத்தைப் பார்க்கிற மாதிரி நிற்பேன். எதிரே நின்று பேசினால் கூட்டத்துக்கு அது சண்டை. பக்கத்தில் நின்று பேசினால் இரண்டு பேர் ஆட்டம் பார்க்கிறார்கள். கையை இடுப்புக்கு மேலே தூக்க மாட்டேன், விரலை நீட்டவே மாட்டேன். விரல் நீட்டித் தீர்ப்புக் கேட்பதும், தீர்ப்பைப் பற்றித் திரும்பத் திரும்ப அதிகாரிகளிடம் பேசுவதும் ஆட்டக்காரர்களுக்குக் குற்றம் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த விரலை நான் நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

இதெல்லாம் யாரும் எனக்கு வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் கயிற்றைத் தாண்டிக் குதித்து அம்பயர் சட்டையைப் பிடித்தவன்தான். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. “சட்டையை விடு தம்பி, எனக்கு இருக்கிறதே இது ஒண்ணுதான்” என்றார். கூட்டம் சிரித்தது. என் கை தானாக விட்டுவிட்டது.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஊரைச் சொல்லவில்லை, அணியைச் சொல்லவில்லை. படிக்கும்போது அந்தப் பயிற்சியாளருக்குத் தெரியும், அது போதும்.

அரையிறுதி. மண் களம். கொத்திச் சலித்து, தென்னைநார்த் தூள் கலந்து, நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். கோடு மட்டும் சுண்ணாம்புத் தூளில். பத்து நிமிஷம் ஆடினால் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், போனஸ் கோடு பாதி இருக்கும், பாதி ஆட்டக்காரனின் பாதத்தில் ஒட்டிப் போயிருக்கும். புள்ளி சமம். 2 நிமிஷம் பாக்கி. எதிரே ஆறு பேர் நிற்கிறார்கள், அதனால் போனஸ் உண்டு. பாடிப்போன பையன் முன்காலை வீசிக் கோட்டைத் தாண்டி வைத்தான். அந்த நேரம் பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். இருந்ததா? அந்தப் பக்கக் கோட்டில் அம்பயராக நின்றவன் 22 வயசுப் பையன், உடற்கல்வி படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவன். போனஸ் இல்லை என்று கையை ஆட்டினான். நான் இருந்த இடத்திலிருந்து எனக்கும் பின்கால் பெருவிரல் தரையில் இருந்த மாதிரிதான் பட்டது.

பயிற்சியாளர் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். அவர் என்னிடம் வரவில்லை, நேராக அவனிடம் போனார். கத்தவுமில்லை. மெதுவாக, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ எந்தத் தெரு?”

அவன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இருபது முப்பது பேர் எழுந்துவிட்டார்கள். நான் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நடுவில் போய் நின்றேன். பயிற்சியாளரை ஸ்கோரர் மேஜைக்குக் கூட்டிப்போய் அட்டையைக் காட்டினேன். கூட்டத்தைப் பார்த்துக் காட்டவில்லை, அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். மைக்கில் விழாக் குழுவினர் கெஞ்சினார்கள். ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை.

அடுத்த வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். “எனக்கு வேணாம் சார். எங்கம்மா அந்தத் தெரு வழியாத்தான் தினமும் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகுது” என்றான். விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நம் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் கத்தினால் அவர் தனி ஆள் இல்லை. அவர் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, தெருவுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்தால் ஊரும் உட்கார்ந்திருக்கும். டிவியில் புரோ கபடி பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. அங்கே கோபம் வந்தால் ரெவ்யூ கேட்பார்கள், பெரிய திரையில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள், முடிந்தது. இங்கே ரெவ்யூ என்றால் யாரோ ஒரு தம்பி செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதுதான். நான் அதைப் பார்க்க மறுப்பதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் தெருப் பையன் உங்கள் பக்கம் நின்று எடுத்த வீடியோவை வைத்து எதிரணிக்கு நான் என்ன பதில் சொல்ல?

அந்த ராத்திரியில் என் தப்பும் இருக்கிறது. பத்து நிமிஷம் முன்னாலேயே அவர் வாயில் ‘அண்ணே’ வந்துவிட்டது, ‘மாமா’கூட வந்தது. நான் இரண்டு எட்டு நகரவில்லை. மறுபக்கம் ஸ்கோரில் ஏதோ குழப்பம் என்று அங்கே நின்றுவிட்டேன். நான் பக்கத்தில் இல்லாததால்தான் அவர் சின்னப் பையனிடம் போனார். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் மிரட்டல் தொடங்கும்.

பெரிய ஆட்டங்களில் இது நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் கபடி இறுதி, இந்தியாவும் ஈரானும். 28-28. ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் பாக்கி. பவன் ஷெராவத் டூ ஆர் டை ரெய்டுக்குப் போய், யாரையும் தொடாமலே களத்தோர லாபிக்குள் கால் வைத்துவிட்டார். ஈரான் தடுப்பாளர்கள் அவரைத் துரத்திக்கொண்டு அதே லாபிக்குள் போனார்கள். பழைய விதிப்படி பார்த்தால் பின்னால் போனவர்களும் அவுட், புதிய விதிப்படி ரைடர் மட்டும்தான் அவுட். எந்த விதி இங்கே செல்லும் என்பதில் நடுவர்களுக்கே தெளிவில்லை. தீர்ப்பு ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று மாறியது. பயிற்சியாளர்கள் மேஜையைச் சூழ்ந்தார்கள், ஆட்டக்காரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது.

நாம் பட்டாசு வெடித்தோம், சரி. நடுவனாக எனக்கு அந்த ஒரு மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. முதலில் சொன்ன தீர்ப்பு தப்பா சரியா என்பது வேறு. சத்தம் போட்டால் தீர்ப்பு நகரும் என்று இரண்டு பெஞ்சும் ஒருமுறை கண்டுகொண்டால், அதற்கப்புறம் எந்தப் பெஞ்ச் உட்காரும்? அன்று முதல், ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு பயிற்சியாளரையும் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு லாபி விதியை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செல்போனில் பேசுகிறீர்கள். அதே ஆட்கள்தான் பிறகு லாபிக்குச் சண்டைக்கு வருகிறீர்கள்.

மலைக்கு மேலே குமுளிக்குப் போனால் இன்னொரு கதை சொல்வார்கள். அங்கே கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் அணி என்றால் உயிர். 2023 மார்ச் 3, பெங்களூரில் ஐ.எஸ்.எல். நாக் அவுட். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, எதிரணி தடுப்புச் சுவர் கட்டி முடிக்கும் முன்னே ஃப்ரீ கிக்கைத் தட்டி கோல் போட்டுவிட்டார். நடுவர் ஒத்துக்கொண்டார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியையே மைதானத்தை விட்டு வெளியே கூப்பிட்டுக்கொண்டார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். கோல் சரியா தப்பா என்று இன்றுவரை டீக்கடையில் பேசலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் கோல் விழுந்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. திருப்பிப் போட்டிருக்கலாம். அந்த நேரத்தை நடுவர் பறிக்கவில்லை, பயிற்சியாளர்தான் பறித்தார். நம் பள்ளத்தாக்கிலும் ‘ஆட்டம் வேணாம், வாங்கடா’ என்று அணியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறீர்கள். போகும்போது பையன்கள் முகத்தை ஒருதரம் திரும்பிப் பாருங்கள். அவர்கள் ஆடத்தான் வந்தார்கள்.

கிரிக்கெட்டில் நம் தோனியே ஒருநாள் கயிற்றைத் தாண்டி வந்தார். 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர், கடைசி ஓவர். நோ பால் என்று எழுந்த கை இறங்கிவிட்டது என்பதற்காக, அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தவர் உள்ளே நடந்து வந்து அம்பயரிடம் வாதாடினார். சம்பளத்தில் பாதி அபராதம். அன்று ராத்திரி நானும் டிவி முன்னால் உட்கார்ந்து ‘சரியான கேள்வி’ என்றுதான் சொன்னேன். விசில் போடுகிறவன் நான், நானே அப்படிச் சொன்னேன். பிரியப்பட்ட ஆள் கயிற்றைத் தாண்டினால் அது நியாயமாகத்தான் தெரியும். மூன்று வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 22, மும்பை வான்கடேயில் டெல்லி அணியின் உதவிப் பயிற்சியாளர் பிரவின் ஆம்ரே அதே மாதிரி ஒரு நோ பாலுக்காக உள்ளே போனார். முழுச் சம்பளமும் அபராதம், ஒரு ஆட்டம் தடை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. நம்ம ஆள் இல்லையே!

மற்ற ஆட்டங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். வாலிபாலில் கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம், பயிற்சியாளருக்கு டைம் அவுட்டும் ஆள் மாற்றமும் கேட்கிற உரிமை மட்டும். ஃபுட்பாலில் 2019 முதல் பயிற்சியாளருக்கே மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுகிறார்கள். பெஞ்சிலிருந்து யார் கத்தினார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே இருப்பவர்களில் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் கொண்டுவந்தால் மேனேஜர்மார்கள் கூட்டத்தை அவர்களே அதட்டி உட்கார வைப்பார்கள்.

பெரியகுளத்தில் மே மாதம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு முடிந்தபோதெல்லாம் போய்விடுவேன். பந்தை நான் அதிகம் பார்ப்பதில்லை. பயிற்சியாளர் எழுந்தால் நடுவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். கத்தல் ஓர் அளவு வரை காதில் விழாத மாதிரி ஓடிக்கொண்டே இருப்பார். அடுத்த நிறுத்தத்தில் பெஞ்ச் பக்கமாக வந்து இரண்டு வார்த்தை சொல்வார். அதையும் மீறினால் ஒரு கையை நிறுத்தி மறுகையை அதன்மேல் படுக்க வைத்து ‘டி’. டெக்னிக்கல் ஃபவுல். காட்டியதும் அங்கே நிற்க மாட்டார், மேஜைக்குப் போய்விடுவார். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. பயிற்சியாளரின் சொந்த நடத்தைக்கே இரண்டு வந்துவிட்டால் அவர் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த நடந்துபோவதுதான். தண்டனை கொடுத்தவன் அதே இடத்தில் நின்றால் அது சவால் ஆகிவிடும்.

சரி, நீங்கள் கேட்கலாம்: “நாங்க வாயை மூடிக்கிட்டே இருக்கணுமா?” வேண்டாம். கேளுங்கள். ஆனால் கேள்வியாகக் கேளுங்கள். “அது டச்சே இல்ல” என்று நீங்கள் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை, “டச்தான்” என்று நானும் சொல்ல முடியாது, சொன்னால் சந்தைக்கடை. “யார் மேல பட்டுச்சு?” என்று கேட்டால், “லெஃப்ட் கார்னர், முட்டிக்குக் கீழே” என்று சொல்லிவிடுவேன். ஒரு ரெய்டு முடிந்து அடுத்த ரைடர் கிளம்ப உங்களுக்கு 5 விநாடி. எனக்கும் அதே 5 விநாடிதான். அதற்குள் அடங்குகிற கேள்விக்குப் பதில் உண்டு. அதைவிடப் பெரிய வழக்கு என்றால், பாதிக்கு இரண்டு டைம் அவுட் இருக்கிறது, ஒவ்வொன்றும் 30 விநாடி. கேப்டனை அனுப்புங்கள். உங்கள் கேப்டன் பெரும்பாலும் உங்களைவிட நிதானமானவன் என்பது என் அனுபவம், கோபிக்க வேண்டாம்.

நான் தப்பே செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருமுறை, ரைடர் பாக் கோட்டைத் தாண்டித்தான் திரும்பினான், நான் தாண்டவில்லை என்று அவுட் கொடுத்துவிட்டேன். விசில் ஊதிய நொடியே உள்ளுக்குள் உறுத்தியது. இடைவேளையில் அந்தப் பயிற்சியாளரிடம் போய், “அது என் தப்பு, நான் நின்ற இடம் சரியில்லை” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த டீயை என்னிடம் நீட்டினார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். இன்றுவரை என்னிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை.

இதைவிடப் பெரிய தப்பும் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில், தேவாரம் பக்கம் ஓர் ஆட்டத்தில், ஒரு தவறான புள்ளி கொடுத்துவிட்டு, அந்தப் பக்கப் பயிற்சியாளர் பார்த்த பார்வை தாங்காமல், அடுத்த நிமிஷமே இல்லாத ஒரு புள்ளியை அவருக்குக் கொடுத்துச் சரிக்கட்டினேன். இரண்டு பேரும் சமாதானமானார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தப்பு தெரியாமல் நடந்தது, இன்னொன்று தெரிந்தே செய்தது. “அப்ப அங்கிட்டு ஒண்ணு கொடுத்தீங்கள்ல, இப்ப இங்கிட்டு ஒண்ணு கொடுங்க” என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும். கொடுக்க மாட்டேன்.

நம் பள்ளத்தாக்கில் ஆட்டக்காரனுக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்கிற வயல்களில் அறுப்பு முடிந்தால் எந்த வயலிலும் நாலு பையன் கோடு கிழித்து ஆடுவான். விசில் பிடிக்கத்தான் ஆள் இல்லை. என் வயசு ஆட்கள் ஒவ்வொருவராக முட்டி வலி என்று ஒதுங்குகிறோம். பக்கத்துத் திண்டுக்கல்லில் இருந்து ரூபா தேவி சர்வதேச ஃபுட்பால் நடுவராகும் அளவுக்குப் போனார். நம் ஊர்ப் பையன் ஒருவன் மூன்று போட்டியோடு விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவனிடம் மறுபடி பேசியிருக்கிறேன். அவன் அம்மாவிடமும் பேசினேன். ஒரே ஒரு ஆட்டம் வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறான், எனக்காக. அந்தத் தை மாதப் பயிற்சியாளரின் அணியும் அதே போட்டியில் ஆடுகிறது. அவர் வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தேகம் வந்தால் என்னிடம் வாருங்கள். என்னை யோவ் என்றுகூடக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அட்டையோடு பதில் சொல்கிறேன். அவனிடம் தெரு கேட்காதீர்கள்.

வரும் சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு முதல் ஆட்டம். விதிகளைச் சொல்வதற்கு, பயிற்சியாளரும் கேப்டனும் ஏழரைக்கே ஸ்கோரர் மேஜைக்கு வந்துவிடுங்கள். செல்போனை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஒரு கபடி நடுவர்